கடல் கொண்டதும் நிலம் நகர்ந்ததும்

தொன்மை ஓரினத்திற்குப் பெருமை தருவது உண்மை. ஆயின், அத் தொன்மை சான்றின்மேல் நிற்கும்போதே அப் பெருமை நிலைக்கும். மணல்மேல் எழுப்பிய மாடம் எத்துணை உயர்ந்ததாயினும் ஒரு பெருமழைக்குத் தாங்காது. குமரிக்கண்டம் என்னும் பெயரால் தமிழ் மேடைகளிலும் தமிழ் ஏடுகளிலும் சொல்லப்பெறுவன எத்தகைய அடித்தளத்தின்மேல் நிற்கின்றன என்பதைத் தமிழ்ப்பகைவர் வந்து தோண்டிக் காட்டுமுன், தமிழரே தோண்டிப் பார்த்துக்கொள்ளுதல் நன்று. தோண்டுதற்குரிய கருவியும் கையில் உள்ளது. நிலத்தட்டு இயக்கக் கொள்கை என்று இன்று உலகெங்கும் கற்பிக்கப்பெறும் நிலவியல் உண்மையே அக் கருவி.

ஞாலத்தின் மேலோடு ஒரே பாளமாக இல்லை. அது பல தட்டுகளாகப் பிளவுண்டு கிடக்கின்றது. ஒவ்வொரு தட்டும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவு நகர்ந்துகொண்டிருக்கின்றது. ஏறத்தாழ மாந்தன் விரல்நகம் வளரும் விரைவே அது. ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் நகரும் நிலம், ஒரு கோடி ஆண்டில் 500 கிலோமீட்டர் இடம்பெயர்ந்துவிடும். கண்டங்கள் இத் தட்டுகளின்மேல் அமர்ந்து செல்வன. இவ்வுண்மையை ஏற்பவர், ஆப்பிரிக்காவையும் தென்னாட்டையும் இணைத்துக் கிடந்த பெருங்கண்டம் ஒன்று அவ்விடத்திலேயே கடலுள் மூழ்கிற்று என்னும் கூற்றையும் உடன் ஏற்றல் இயலாது. இரண்டனுள் ஒன்றே மெய்யாதல் கூடும்.

இழை இரண்டு

குமரிக்கண்டக் கருத்து இரண்டு இழைகளால் முறுக்கப்பெற்ற கயிறு. ஓரிழை தமிழ்நூல்களிலிருந்து வந்தது. மற்றோர் இழை மேலையர் நூலிலிருந்து வந்தது. இவற்றைப் பிரித்துக் காணாதவர் இரண்டையும் இழப்பர்.

பஃறுளியாற்றையும் குமரிமலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. பண்டை மதுரையும் கவாடபுரமும் கடல்வாய்ப்பட்டதை இறையனார் களவியலுரை கூறுகின்றது. பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே எழுநூற்றுக் காவதம் பரந்த நாற்பத்தொன்பது நாடுகள் அழிந்தமையை அடியார்க்குநல்லார் தம் உரையுள் குறிக்கின்றார். இவை தமிழர் நினைவில் நின்ற கடல்கோட் செய்திகள். ஆப்பிரிக்கா வரை நீண்ட நிலம் என்று இவற்றுள் ஒன்றேனும் சொல்லவில்லை.

மற்றோர் இழை 1864இல் இங்கிலாந்தில் நூற்கப்பெற்றது. பிலிப்பு சுகிளேட்டர் என்னும் விலங்கியலார், மடகாசுக்கர்த் தீவில் மிகுதியாகக் காணப்பெறும் இலெமூர் என்னும் விலங்கின் உறவினங்கள் ஆப்பிரிக்காவிலும், இடையில் பெருங்கடல் கிடக்கத் தென்னிந்தியாவிலும் காணப்படுவது எவ்வாறு என்று வினவினார். தமிழகக் காடுகளில் வாழும் தேவாங்கு அவ் வுறவினங்களுள் ஒன்று. இவ்விலங்குகள் நடந்து செல்வதற்கு முன்னொரு காலத்தில் நிலம் இருந்திருக்கவேண்டும் என்று அவர் உய்த்துணர்ந்து, அந்நிலத்திற்கு இலெமூரியா என்று பெயரும் இட்டார். பின்னர்ச் செருமானிய அறிஞர் எர்ணசுட்டு எக்கல் அதனையே மாந்தர் தோன்றிய இடமாகவும் கருதினார். ஆக, சுகிளேட்டர் தேடியது விலங்குகள் சென்ற வழியையே ஆகும். தமிழர் வாழ்ந்த ஊரை அவர் தேடினாரல்லர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழறிஞர் இவ்விரண்டு இழைகளையும் சேர்த்து முறுக்கினர். அது அவர்தம் பிழையன்று. அன்றைய மேலை நிலவியலார் பலரும் மூழ்கிய நிலப்பாலங்களை நம்பினர். மொழிஞாயிறு பாவாணரின் ஒப்பியன்மொழி நூல் வெளிவந்த 1940இலும் நிலைமை அதுவே. தம் காலத்து அறிவியலைத் தமிழுக்குப் பயன்படுத்திய அப் பெருமக்களைக் குறைகூறுதல் நன்றியின்மை. ஆயின், அவ்வறிவியல் மாறி அரை நூற்றாண்டிற்கு மேலாகியும் பழங்கூற்றையே மீண்டும் மீண்டும் ஓதுவது அவர்களைப் பின்பற்றுவதாகாது. அவர்கள் தம் காலத்துப் புத்தறிவை நாடினர். இன்றையோரும் இன்றைய புத்தறிவை நாடுவதே அவர்வழி நிற்றலாகும்.

வேகனர் தொகுத்த சான்றுகள்

நிலம் நகர்கின்றது என்று சான்று தொகுத்து உரைத்தவர் ஆல்பிரட்டு வேகனர் என்னும் செருமானியர். அவர் நிலவியலாரல்லர், வானிலை ஆய்வாளர். 1912இல் பிராங்குபர்ட்டு நகரில் தம் கருத்தை முதலில் அவையேற்றினார். 1915இல் அதனை நூலாக்கினார்.

தென்னமெரிக்காவின் கீழைக் கரையும் ஆப்பிரிக்காவின் மேலைக் கரையும் கிழிந்த தாளின் இரு துண்டுகள் போலப் பொருந்துகின்றன. மெசோசாரசு என்னும் சிறிய நன்னீர் ஊர்வனவற்றின் புதைபடிவுகள் அவ்விரு கரைகளிலும் கிடைக்கின்றன. அவ்வுயிர் பெருங்கடலை நீந்திக் கடந்திருத்தல் அரிது. கிளாசொப்டெரிசு என்னும் பழஞ்செடியின் இலைப்படிவுகள் இந்தியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, ஆத்திரேலியா ஆகிய நிலங்களில் உள்ளன. 1912இல் தென்முனையிலிருந்து திரும்பும் வழியில் பனியில் மடிந்த இசுகாட்டும் தோழரும், உயிர்போகும் நிலையிலும் 16 கிலோ எடையுள்ள பாறைத்துண்டுகளைக் கைவிடாது இழுத்து வந்திருந்தனர். அத் துண்டுகளிலும் அச் செடியின் படிவு இருந்தது. பனி மூடிய அண்டார்க்டிக்காவும் ஒரு காலத்தில் இந்தியாவோடு ஒட்டிக் கிடந்து காடு சுமந்த நிலமே என்பதற்கு அது சான்றாயிற்று. இன்று வெயில் காயும் ஒடிசாவின் தால்ச்சேர்ப் பகுதியில், பண்டைப் பனிப்பாளங்கள் இழுத்துவந்து போட்ட கற்குவியல்கள் பாறையடுக்கினுள் கிடக்கின்றன. இந்தியா தென்முனையை அடுத்திருந்த காலத்தின் எச்சம் அது.

இந் நிலங்களெல்லாம் சேர்ந்த பெருங்கண்டத்திற்கு எட்டுவர்டு சூயசு என்னும் ஆத்திரிய அறிஞர் 1885இல் சூட்டிய பெயர் கொண்டுவானா நிலம் என்பது. இந்தியாவின் நடுவே வாழும் கோண்டு மக்களின் நாட்டுப்பெயர் அது. கோண்டி மொழி தமிழோடு உடன்பிறந்த திராவிட மொழிகளுள் ஒன்று. இன்று உலக நிலவியலார் அனைவர் நாவிலும் வழங்கும் அப் பெருங்கண்டப் பெயருள் ஒரு திராவிட இனத்தின் பெயர் ஒலிக்கின்றது. இதற்குக் கற்பனை எதுவும் வேண்டியதில்லை.

விடை சொன்ன கடல்

வேகனரின் கூற்று அவர் வாழ்நாளில் வெல்லவில்லை. கண்டத்தை நகர்த்தும் ஆற்றல் யாது என்னும் வினாவிற்கு அவர் தந்த விடை பொருந்தவில்லை. 1930இல் கிரீன்லாந்தின் பனிவெளியில், தம் ஐம்பதாம் அகவையில் அவர் இறந்தார்.

விடை கடலடியில் இருந்தது. 1950களில் மேரி தார்ப்பு என்னும் அமெரிக்க அம்மையார், கப்பல்கள் திரட்டிய ஆழக் குறிப்புகளைக் கொண்டு அத்திலாந்திக்குக் கடலடியைப் படமாக வரைந்தார். கடல் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு நெடும்பிளவு இருப்பதை அவர் கண்டுகாட்டினார். உடன்பணியாற்றிய புரூசு ஈசன் முதலில் அதனைப் பெண்பேச்சு என்று ஒதுக்கிப் பின்னர் ஏற்றார். 1962இல் ஆரி எசு என்பவர், அப் பிளவின் வழியே பாறைக்குழம்பு மேலெழுந்து புதுக் கடலடி உண்டாகி இருபுறமும் விலகிச் செல்கின்றது என்று விளக்கினார்.

அதனை மெய்ப்பிக்கும் சான்று, குமரிக்கண்டம் மூழ்கியதாகச் சொல்லப்படும் அதே இந்தியப் பெருங்கடலிலிருந்தே வந்தது என்பதைத் தமிழன்பர் கருதிப் பார்த்தல் வேண்டும். 1962இல் ஓவன் என்னும் ஆங்கிலக் கப்பல், அக் கடலின் வடமேற்கே உள்ள கார்ல்சுபெர்க்கு மலைத்தொடரின்மேல் சென்று பாறைகளின் காந்தத் தன்மையை அளந்தது. ஞாலத்தின் காந்தத் திசை இடையிடையே தலைகீழாக மாறுவது. குழம்பு உறைந்து பாறையாகும்போது அக்காலத்துத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்ளும். ஆகலின், கடலடி விரிவது உண்மையாயின், மலைத்தொடரின் இருபுறமும் ஒன்றையொன்று ஒத்த காந்த வரிகள் இருத்தல் வேண்டும். அக் கப்பல் தந்த அளவுகளைக் கொண்டு வைன், மாத்தியூசு என்னும் இருவர் 1963இல் இவ் விளக்கத்தை வெளியிட்டனர். அதன்பின் கடல்தோறும் அவ் வரிகள் காணப்பெற்றன. 1968க்குள் தட்டுக் கொள்கை முழு உருப்பெற்றது. தட்டுகளை இயக்கும் ஆற்றல்களுள் தலையாயது, குளிர்ந்து கனத்த கடலடித் தட்டு ஆழ்குழியில் இறங்கும்போது தன் எடையால் பின்பகுதியை இழுப்பது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

1972இல் கிளோமார் சேலஞ்சர் என்னும் கப்பல் இந்தியப் பெருங்கடலின் அடியைப் பல இடங்களில் துளையிட்டது. கண்டங்கள் பருத்த, எடை குறைந்த பாறையால் ஆனவை. அவற்றின் தடிப்பு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கடலடியோ ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தடிப்பே உள்ள, எடை மிகுந்த எரிமலைப்பாறை. இந்தியப் பெருங்கடலின் அடி பெரும்பாலும் இவ் வெரிமலைப்பாறையே. அங்கே மூழ்கிய பெருங்கண்டம் இல்லை. மரக்கட்டை நீரின்மேல் மிதப்பது போல, எடை குறைந்த கண்டம் எடை மிகுந்த பாறையின்மேல் மிதப்பது. இழுபட்டு மெலிந்த ஓரங்களும் சிறு துண்டுகளும் நீருள் அமிழ்தல் உண்டு. பருத்த கண்டம் முழுமையும் அமிழ்தல் இல்லை.

மொரிசியசுத் தீவின் எரிமலைப்பாறையில் 300 கோடி ஆண்டுப் பழமையுடைய சிர்க்கான் மணிகள் கிடைத்ததாக 2017இல் செய்தி வந்தபோது, குமரிக்கண்டம் கிடைத்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்தனர். அம் மணிகள், இந்தியாவும் மடகாசுக்கரும் பிரிந்தபோது சிதறிய கண்டத்துண்டு ஒன்று அத்தீவின் அடியில் உண்டு என்பதைக் காட்டுகின்றன. ஆயின் அப் பிரிவு நிகழ்ந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். இன்றைய மாந்த இனத்தின் மிகப் பழைய எலும்புகளோ 3 இலக்கம் ஆண்டுப் பழமையே உடையன. அந்நிலம் பிளந்தபோது அதன்மேல் உலவியது அரக்கப்பல்லி இனமே. பல்லிக்கு ஏது தமிழ்?

நகைப்பு சான்றாகுமோ?

குமரிக்கண்டத்தை வலியுறுத்துவோர் சிலர், வேகனரையும் உலகம் நகைத்தது, பின்னர் அவரே வென்றார், அதுபோல் குமரிக்கண்டமும் வெல்லும் என்று கூறுவதுண்டு. வேகனர் வென்றது நகைக்கப்பட்டமையாலன்று. அவர் சொன்னவற்றைப் பின்வந்தோர் கடலடியில் அளந்து கண்டமையால் வென்றார். அதே அளவைதான் மூழ்கிய கண்டத்தை இல்லையாக்கிற்று. ஒருவர் வெற்றியை எடுத்துக்காட்டிக்கொண்டு, அவ் வெற்றிக்குக் கரணியமான சான்றை மறுப்பது எவ்வாறு பொருந்தும்?

மற்றுமொன்று. இலங்கைக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே கிடக்கும் மணல்திட்டுகள் குரங்குப்படை கட்டிய பாலம் என்று 2007இல் பெரும்பூசல் எழுந்தபோது, அவை இயற்கையாய் அமைந்த திட்டுகளும் சுண்ணக்கற்களுமே என்று தமிழ் உணர்வாளரே நிலவியலைச் சான்று காட்டினர். அது முறையே. பிறர் தொன்மக்கதையை அளப்பதற்கு நிலவியல், தம் விருப்பத்தை அளப்பதற்கு உணர்ச்சி என்று இரண்டு அளவுகோல் வைத்திருப்பது அறமாகாது. யார் சொன்னாலும் மெய்ப்பொருள் காண்பதே அறிவு என்னும் வள்ளுவர் நெறி, தமிழர்க்கும் உரிய நெறியே.

கடல் உண்மையாகக் கொண்ட நிலம்

அங்ஙனமாயின் சிலப்பதிகாரமும் உரைகளும் கூறுவன பொய்யோ எனின், அன்று. இங்கேதான் இரண்டு இழைகளைப் பிரித்ததன் பயன் விளங்கும்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், ஞாலத்தின் நீரில் இன்றினும் மிகுதியான பங்கு பனிப்பாளமாக உறைந்து கிடந்தது. அன்று கடல்மட்டம் இன்றிருப்பதினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமே உடையது. ஆகவே அன்று தமிழகமும் ஈழமும் ஒரே நிலம். குமரிமுனைக்குத் தெற்கே, இன்று மீனவர் வலைவீசும் ஆழங்குறைந்த திட்டின் பெரும்பகுதியும் அன்று தரையே. பனி உருக உருகக் கடல் ஏறிற்று. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்தான் அவ்வேற்றம் பெரும்பாலும் அடங்கிற்று. அந்நிலத்தில் மாந்தர் வாழ்ந்திருத்தல் கூடும். அவர்தம் வழியினர் கடல்கோளை நினைவிற் காத்திருத்தலும் கூடும். தட்டு நகர்ந்தது கோடிக்கணக்கான ஆண்டில். கடல் ஏறியது மாந்தன் வாழ்ந்த காலத்தில். நூல்கள் கூறும் கடல்கோளுக்கு இடம் தேடுவோர் தேடத்தக்கது இக் கரையோரத் திட்டிலே.

இந்நிலத்தின் பழமைக்கும் மூழ்கிய கண்டம் தேவையில்லை. சென்னைக்கு அருகே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள சார்னோக்கைட்டு என்னும் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. அவ்வகைப் பாறை இலங்கையிலும் மடகாசுக்கரிலும் அண்டார்க்டிக்காவிலும் உண்டு. தமிழ்நாட்டுப் பாறை கடலுள் தாழவில்லை. உலகின் பெரும்பயணம் ஒன்றைச் செய்து, மோதி இமயத்தை எழுப்பி, இன்றும் நகர்ந்துகொண்டே காலடியில் கிடக்கின்றது. தமிழரின் தொன்மைக்கு ஆதிச்சநல்லூரின் தாழிகளும், கீழடியின் செங்கற்சுவர்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் உள்ளன. கீழடியின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுவரை கொண்டுசெல்லும் அறிக்கையைத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. மண்வெட்டி காட்டிய சான்றை மறுப்பவர், மறுப்பிற்குச் சான்று காட்டவேண்டியவராகின்றார். வேர்ச்சொல் ஆய்வும் அதன் சான்றுகளாலேயே நிற்கவேண்டும். அதற்கு மூழ்கிய கண்டத்தை முட்டுக்கொடுத்தால், முட்டு முறியும் நாளில் ஆய்வும் ஐயத்திற்குள்ளாகும்.

அறியாமையின் விலை

இவை பட்டிமன்றத்திற்குரிய வெறும் பொருள் என்று எண்ணற்க. 2004 திசம்பர் 26 காலையில், இந்தியத் தட்டு சுமத்திராவை அடுத்த ஆழ்குழியில் இறங்குமிடத்தில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு மேலோடு முறிந்தது. ஆழிப்பேரலை எழுந்தது. அது தமிழகக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டரை மணி நேரத்தில் நாகப்பட்டினத்துக் கரையில் நின்றவர்க்கு எச்சரிக்கை வரவில்லை. பல கரைகளில் கடல் திடுமென உள்வாங்கியபோது, அது ஓடவேண்டிய அடையாளம் என்பதை யாரும் அவர்க்குச் சொல்லியிருக்கவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐதராபாத்தில் எச்சரிக்கை நடுவம் அமைந்தது அதற்குப் பின்னரே, 2007இல்.

மூழ்கிய கண்டத்தைப் பற்றி நூறு சொற்பொழிவு கேட்ட ஊரில், நகரும் தட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்ந்திருந்தால் எத்தனை குழந்தைகள் தப்பியிருக்கும்? கடல்கோள் என்னும் சொல்லைத் தம் இலக்கியத்துள் போற்றிய இனம், கடல்கோள் நிகழும் முறையைத் தன் மீனவர்க்குச் சொல்லத் தவறியது. அத் தவற்றின் விலை உயிர்.

ஆகலின், தமிழ் உணர்வாளர் செய்யத்தக்கன சில உள. நிலத்தட்டு அறிவியலை ஐந்தாம் வகுப்புச் சிறுவனுக்கும் விளங்கும் நல்ல தமிழில் நூலாக்கிக் கடற்கரைச் சிற்றூர்தோறும் சேர்த்தல் ஒன்று. அதற்கு வேண்டும் கலைச்சொற்களை மொழிபெயர்ப்பாக அல்லாமல், மீனவரும் கிணறு தோண்டுவோரும் வழங்கும் சொற்களிலிருந்து எடுத்தாளுதல் மற்றொன்று. பூம்புகார்க் கடலடியில் முன்பு தொடங்கப்பெற்ற ஆய்வைப் பாக்கு நீரிணையிலும் குமரித் திட்டிலும் ஆண்டுதோறும் தொடருமாறு அரசை வற்புறுத்துதல் மூன்றாவது. அங்கே ஒரு கல்லறையோ, ஒரு சமையலடுப்போ, ஒரு கற்கோடரியோ கிடைக்குமாயின், அது ஆயிரம் மேடைப்பேச்சினும் வலிய சான்றாகும். ஒன்றும் கிடைக்காதாயினும் தமிழுக்கு இழப்பில்லை. தேடிய அறிவு தமிழினுடையதாயிருக்கும்.

தமிழ் நிலைத்து நிற்பது மூழ்கிய நிலத்தினாலன்று. உண்மையை உண்மையென்று தன் சொல்லால் சொல்லவல்ல மக்கள் அதனைப் பேசுமட்டும் அது நிற்கும்.